சுவர் மண்ணில் கத்திரிப் பாத்தி

தண்ணீர் வருவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிடும்.

சுவருக்கு அந்தப் பக்கம் கிணற்றுக் கப்பி கிறீச்சிடும். வாளி உறையில் இடித்துக்கொண்டு மேலே வரும். பிறகு குளிக்கிற கல்லின் மேல் தண்ணீர் 'சளப்' என்று விழும். நான் இந்தப் பக்கம் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு, சுவரின் அடியில் இருந்த ஜலதாரை ஓட்டையைப் பார்த்தபடி குந்தியிருப்பேன். முதலில் கொஞ்சம் சீயக்காய் வாசனை வரும். அப்புறம் நூல் போலத் தண்ணீர். அப்புறம் அது பெருத்து, நுரையோடு என் கத்திரிப் பாத்தியைப் பார்த்து ஓடும்.

"தனம், வந்துச்சா?" ஓட்டை வழியாகக் குரல் வரும். என் ஓரகத்தி காமாட்சி அக்கா.

"வந்துக்கினு இருக்குதுக்கா. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. பொடலைக்கு எட்டல."

"அடியே, காத்தால இருந்து குளிச்சிக்கினே இருக்கேன். கை காலெல்லாம் ஊறிப் போச்சு."

அந்தப் பக்கம் ஒரு கனைப்பு கேட்கும். மூத்தார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், மாட்டுக் கொட்டகையிலிருந்து வருகிறார் என்று அர்த்தம்.

"குளிக்கிற எடத்துல யாரோட பேசிக்கினு இருக்க?"

"சாமி பாட்டுங்க!"

"ஒரு பொம்பள எம்மா நேரம்தான் குளிப்பா?"

"நேத்து எருமுட்டை தட்டினேன் இல்ல? அந்த வாசனை போவ வேணாமா?"

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பை அடக்குவேன். தண்ணீர் நிற்காமல் வரும்.

இப்படித்தான் விழுப்புரத்தில் எங்கள் தோட்டம் ஒன்றரை வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தது. ஊருக்குத் தெரிந்தவரை காமாட்சி அக்காவுக்குத் தண்ணீர்ப் பைத்தியம். அவரை வைத்தியரிடம் காட்டச் சொல்லிப் பக்கத்து வீட்டார் மூத்தாரிடம் யோசனை சொன்னதுகூட உண்டு.

பத்திரிகையில் இல்லாத பெயர்

நான் திண்டிவனத்துப் பெண் என்பதை இந்தத் தொடரைப் படிக்கிறவர்களிடம் ஏற்கனவே சொல்லியிருக்கிறேன். கல்யாணமாகி விழுப்புரத்துக்கு வந்தபோது அது ஒரே வீடு, ஒரே அடுப்பு. என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. பெட்டிகளைப் பழுது பார்க்கும் பிரிவு. மூத்தார் குடியானவர். கெடாரில் எங்கள் நிலத்தை அவர்தான் பார்த்துக்கொண்டார். வாரத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே. காமாட்சி அக்காவுக்குப் பிறந்த ஊர் பிரம்மதேசம். என்னைவிடப் பத்து வயது பெரியவராக இருக்கலாம். நான் போன முதல் நாளே, "எனக்குத் தல வாரிவுட ஆள் வந்துச்சு" என்று சொல்லிச் சீப்பைக் கையில் கொடுத்தவர்.

அந்தக் குடும்பம் ஏன் உடைந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். அக்காவின் பெரிய மகளுக்குக் கல்யாணம் வந்தது. பத்திரிகையைப் பிள்ளை வீட்டார் திண்டிவனத்தில் அச்சடித்தார்கள். அதில் பிள்ளையின் பெரியப்பா பெயர் இருந்தது, மாமன்கள் பெயர் இருந்தது. பெண்ணின் சித்தப்பா பெயர் இல்லை. என் வீட்டுக்காரர் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில்கூடத் தேடினார்.

"வுட்டுப் போச்சு. அதுக்கு இன்னாடா இப்ப?" என்றார் மூத்தார்.

அந்த 'இன்னாடா இப்ப' தான் வினை. "வேற அடிச்சிடலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்லவில்லை. இவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. மேடையில் சித்தப்பா நிற்க வேண்டிய இடத்தில் யாரோ தூரத்து உறவு நின்றதாக அக்கா பிற்பாடு சொல்லி அழுதார்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பெரியவர்கள் நான்கு பேர் வந்து உட்கார்ந்தார்கள். வீடு இரண்டாயிற்று. கொல்லையில் கிணறும் மாட்டுக் கொட்டகையும் அண்ணன் பக்கம் போயின. வெயில் நன்றாக விழும் தோட்டத்து மண் எங்கள் பக்கம் வந்தது. நடுவில் ஒரு மண் சுவர் எழுப்பினார்கள். அதற்கு மண் வெளியிலிருந்து வரவில்லை. என் மாமனார் காலத்துப் பழைய மாட்டுக் கொட்டகை ஒன்று இடிந்து கிடந்தது. அந்தச் சுவர் மண்ணையே குழைத்து ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றினார்கள்.

ஒரே ஒரு ஓட்டைதான் மிஞ்சியது. கிணற்றடித் தண்ணீர் எப்போதும் தோட்டத்துப் பக்கம்தான் ஓடும். நில வாட்டம் அப்படி. அதை அடைத்தால் அண்ணன் வீட்டுக் கொல்லை குளமாகிவிடும். அதனால் மேஸ்திரி ஜலதாரையை மட்டும் விட்டுவைத்தார். கட்டிய மறுநாளே அந்த ஓட்டையின் வழியாக ஒரு கை வந்தது. கண்ணாடி வளையல் போட்ட கை. அதில் ஒரு துண்டு வெல்லம் இருந்தது. என் சின்ன மகனுக்கு.

"அந்தக் கெணத்துத் தண்ணி ஒரு சொட்டு நம்ம வூட்டுக்குள்ள வரக்கூடாது" என்று என்னவர் சொல்லியிருந்தார். வீட்டுக்குள் நான் கொண்டுவரவில்லை. குடிக்கவும் சமைக்கவும் தெருக்கோடிக் கிணற்றிலிருந்து இடுப்பில் சுமந்தேன். தோட்டத்துக்கு அப்படிச் சுமந்து முடியுமா? அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. செடிகள் பச்சையாக இருப்பதைப் பார்த்தார். நான் சுமக்கிறேன் என்று நினைத்திருக்கலாம். தெரிந்தும் பேசாமல் இருந்தாரோ என்னவோ, கடைசிவரை நான் கேட்கவில்லை.

ரயில் ஜன்னல்கள்

தோட்டம் அப்போது விளையாட்டல்ல. இரண்டாம் உலகச் சண்டை நடந்த காலம். பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றுபோயிருந்தது. கடையில் கிடைத்த அரிசியில் பாதி கல், மீதியில் பாதி புழு. கேப்பைக் களியும் கீரையும்தான் பல நாள் சாப்பாடு. இரண்டு பிள்ளைகளின் தட்டில் ஏதாவது ஒரு காய் விழுந்ததென்றால் அது கொல்லையிலிருந்து வந்ததுதான்.

எங்கள் தோட்டத்தில் வேறு எவர் வீட்டிலும் இல்லாத ஒன்று இருந்தது. கண்ணாடிக் கூண்டு.

அது வந்த கதையைச் சொல்ல வேண்டும். என்னவருக்கு மேலே ஒரு ஆங்கிலோ இந்திய ஃபோர்மன் இருந்தார். அவர் பங்களாவுக்குப் பின்னால் பெரணிச் செடிகளுக்காக ஒரு கண்ணாடி வீடு கட்டியிருந்தார். ஒருமுறை அவர் வீட்டுக் கதவைச் சரிசெய்யப் போன என்னவர், அந்தக் கண்ணாடி வீட்டுக்குள் போய் நின்றுவிட்டு வந்து, சாப்பிடும்போதெல்லாம் அதையே பேசிக்கொண்டிருந்தார். "வெளிய மழ கொட்டுது தனம். உள்ள ஒரு எல கூட ஆடல."

கழித்துப் போட்ட ரயில் பெட்டிகளின் ஜன்னல்கள் பட்டறைக்குப் பின்னால் மழையில் கிடந்தன. ஃபோர்மனிடம் கேட்டார். "எடுத்துக்கிட்டுப் போ மேன்" என்று அவர் சொல்லிவிட்டார். கை வண்டியில் வைக்கோலைப் பரப்பி, நடுநடுவே சாக்கைத் திணித்து, ஊரே வேடிக்கை பார்க்க அந்த ஜன்னல்கள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. இடுப்பளவு மண் கட்டைச் சுவர், மேலே சவுக்குக் கழிகள், அவற்றில் ஜன்னல்கள். கூரையும் ஜன்னல்தான், சாய்வாக. குனிந்து உள்ளே போனால் இரண்டு பேர் நிற்கலாம். ரயிலில் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற தோல் வார் சிலவற்றில் அப்படியே இருந்தது. காற்று வேண்டுமானால் வாரை இழுத்து இறக்க வேண்டியதுதான். ஒரு கண்ணாடியில் 'பெண்கள்' என்று வெள்ளை எழுத்து அழியாமல் இருந்தது. அதன் பின்னால் வெண்டை விதை போட்டபோது, "இதுல ஆம்பள வெண்டை ஏறிடப் போவுது, பாத்துக்கோ" என்று ஓட்டை வழியாக அக்கா எச்சரித்தார்.

முதல் கோடையில் அந்தக் கூண்டு எங்களை அழவைத்தது. சித்திரை வெயிலில் பிற்பகல் உள்ளே கை வைத்துப் பார்த்தால் அடுப்பு. தக்காளி நாற்றெல்லாம் வேகவைத்த கீரை போலத் துவண்டு கிடந்தது. என்னவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு கூரைக் கண்ணாடிகளைக் கழற்றி வைத்துவிட்டுத் தென்னங்கீற்று போட்டார். எங்கள் ஊரில் கண்ணாடி குளிருக்கு வேண்டியதில்லை, மழைக்குத்தான் வேண்டும் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

மாதத்துக்கு ஒரு வேலை

தோட்ட வேலை எதுவும் பெரிதல்ல. ஆனால் அந்தந்த மாதத்தில் செய்யாவிட்டால் அந்த வருஷம் போயிற்று.

வைகாசியில் கீற்று மாற்ற வேண்டும். காய்ந்த பாத்தியைக் கொத்திப் போட்டு வெயிலைக் குடிக்கவிட வேண்டும். ஆடியில் முதல் தூறல் விழுந்ததும் அவரை, பூசணி, புடலை. அதற்குள் பந்தல் கால்களை ஆட்டிப் பார்த்து, கறையான் தின்றதை மாற்றியாக வேண்டும். ஆவணியில் பந்தலில் தொங்க ஆரம்பிக்கிற புடலம்பிஞ்சின் நுனியில் சின்னக் கல் கட்டுவோம். இல்லாவிட்டால் அது பாம்பு போலச் சுருண்டுகொள்ளும். கல் கட்டுவது என் பெரியவன் வேலை. தன் பிஞ்சுதான் நீளமாக வளர்கிறது என்று தினமும் அளந்து பார்ப்பான்.

வெண்டைக்கு அசுவினிப் பூச்சி வந்தால் அடுப்புச் சாம்பல். பனி ஈரம் காய்வதற்கு முன் இலையின் அடியில் படும்படி தூவ வேண்டும். கத்திரிக்குப் புழு வந்தால் மருந்து கிடையாது, விரல்தான்.

அக்கா பக்கத்திலிருந்து தண்ணீர் மட்டும் வந்ததாக நினைக்க வேண்டாம். மக்கிய சாணத்தைக் கரைத்துக் கல்லில் ஊற்றிவிடுவார். அதுவும் குளியல் கணக்கில் போய்விடும். அன்றைக்குச் சாண வாசனை போகச் சீயக்காய் கொஞ்சம் அதிகம்.

பதிலுக்கு இங்கிருந்து காய் போகும். கத்திரிக்காய் நுழையும், வெண்டை நுழையும், புடலை சொல்லவே வேண்டாம். பூசணி நுழையாது. பத்தை போட்டு வாழை இலையில் சுற்றி அனுப்புவேன். ஒருநாள் மூத்தார் சாப்பிட்டுவிட்டு, "கத்திரிக்கா வெண்ணெயா இருக்குதே, எங்க வாங்கின?" என்று கேட்டாராம்.

"கூடைக்காரி ஒருத்தி கொண்டாந்தாங்க."

"அவளையே வரச் சொல்லு. வேற யார்கிட்டயும் வாங்காத."

இதை அக்கா ஓட்டை வழியாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தோம். தெரு வழியாகப் போனால் பார்த்தவர் யாராவது வீட்டில் சொல்லிவிடுவார்கள். கோவிலில் தூரத்தில் பார்த்துக்கொள்வோம். கணவன்மார் கூட இருந்தால் அதுவும் கிடையாது. அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது.

ஐப்பசி வந்தால் கூண்டுக்குத் திரும்பக் கண்ணாடி ஏறும். தைக்குக் காய் வேண்டுமானால் நாற்றை அடைமழையில்தான் வளர்த்தாக வேண்டும். வெளியே போட்ட நாற்று அழுகும், இல்லாவிட்டால் மழை அடித்து மண்ணில் ஒட்டும். எங்கள் நாற்று மட்டும் ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்த பயணிகளைப் போல மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டு வளரும்.

கார்த்திகைக் காற்று

அந்த வருஷம் கத்திரி நாற்றும் மிளகாய் நாற்றும் நாலு இலை விட்டுச் செழிப்பாக நின்றிருந்தன. நட வேண்டிய பருவம். மழை விடவில்லை.

புயல் வருவதற்கு முந்தைய நாள் மூத்தார் கெடாருக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார். கதிர் வாங்கிய நெல் சாய்ந்துவிடுமோ என்ற பயம். மறுநாள் காலை என்னவருக்கு ஆள் வந்துவிட்டது. திண்டிவனத்துப் பக்கம் எங்கோ தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துவிட்டதாம். "ரயில் ஓடற மாதிரி ஆனாத்தான் வருவேன். கூண்டைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்.

பிற்பகலில் காற்று திரும்பியது. முருங்கை முறிந்தது. பந்தல் அப்படியே எழுந்து பக்கத்து வீட்டு வேலியில் போய் உட்கார்ந்தது. நான் பிள்ளைகளை அடுப்பங்கரை மூலையில் உட்காரவைத்துவிட்டு, சமையலறை ஜன்னலிலிருந்து கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு காற்றுக்கும் கண்ணாடிகள் 'கடகட'வென்று ஆடின. ஓடுகிற ரயில் போலவே சத்தம். ஆனால் நின்றது. ரயிலுக்கென்று செய்த ஜன்னல்கள். காற்றும் ஆட்டமும் அவற்றுக்குப் புதிதல்ல.

விடிந்து கொஞ்ச நேரத்தில், காற்று ஓய்ந்து மழை மட்டும் பெய்துகொண்டிருந்தபோது, 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்டது. கூண்டு போயிற்று என்று நினைத்துக் கொல்லைக்கு ஓடினேன்.

கூண்டு இருந்தது. சுவர்தான் இல்லை.

நடுவில் மண் மேடாகக் குவிந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம், முறத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு காமாட்சி அக்கா நின்றிருந்தார். காதோரம் நரைத்திருந்தது. அது எனக்குத் தெரியாது. குரலுக்கு நரை இல்லையே.

"இன்னாடி இப்புடி எளைச்சிட்ட?" என்றார்.

நான் மண் மேட்டின் மேல் ஏறினேன். கால் வழுக்கியது. அவர் கையைப் பிடித்து இழுத்தார். இருவரும் மழையில் கட்டிக்கொண்டு நின்றோம். என் சின்னவன் கொல்லைக் கதவிலிருந்து, "பெரிம்மா, வெல்லம்!" என்று கத்தினான். சுவர் எழுந்தபோது அவனுக்கு நினைவு தெரியாத வயது; அவர் கைதான் தெரியும். கையை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொண்டான்.

மண் இருக்கிறவரைக்கும்

அன்று மாலை மழை விட்டது. இரண்டு நாள் கொல்லையில் ஒரே வீடு போலத் திரிந்தோம். பிள்ளைகளுக்கு அவர் வீட்டுப் பால் கிடைத்தது. அவர் அடுப்புக்கு என் வீட்டுக் காய்ந்த விறகு போயிற்று. அக்காவின் தலையில் நான் எண்ணெய் வைத்துப் பின்னினேன்.

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது.

"ரெண்டு பேரும் வந்துடுவாங்கக்கா. வந்தா மொத வேலையா செவுத்தத்தான் எழுப்புவாங்க."

அக்கா மண் மேட்டில் உட்கார்ந்து ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கினார். முகர்ந்து பார்த்தார். "தனம், இது இன்னா மண்ணு தெரியுமா? பழைய மாட்டுக் கொட்டா மண்ணு. எத்தினி வருசத்து சாணி, மூத்திரம் எல்லாம் இதுல ஊறிக் கெடக்குது. பிரம்மதேசத்துல எங்கப்பா இந்த மண்ணு கெடைச்சா வண்டி கட்டிக்கினு வந்து ஏத்திக்கினு போவாரு. இத நட்டமா நிக்கவெச்சி செவுருன்னு சொல்லிக்கினு இருந்திருக்கோம்."

"அதுக்கு?"

"உன் கூண்டுல நாத்து முத்திக்கினு இருக்குது. நட எடம் வேணும் இல்ல?"

அவர் சொல்ல வருவது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

"அவரு வந்தாருன்னா என்னைக் கொன்னுடுவாருக்கா."

"எங்க வூட்டுக்காரரு மட்டும் கொஞ்சுவாரா? கேளுடி. மண்ணு குமிஞ்சி கெடக்கிற வரைக்கும் செவுரு எந்திரிக்கும். குழைக்க வேண்டியது, ஏத்த வேண்டியது, ரெண்டு நாள் வேல. மண்ணு இல்லன்னா? ஏரிக்குப் போவணும். ஏரி இப்ப கர வரைக்கும் ரொம்பி நிக்குது. பங்குனிக்கு முன்ன அங்க ஒரு கூடை மண்ணு எடுக்க முடியாது."

"பங்குனிக்கு அப்புறம்?"

"அப்ப செடி காய்ச்சிக்கினு இருக்கும். காய்க்கிற செடியப் புடுங்கிட்டு எந்தக் குடியானவன் செவுரு வெப்பான்? எம்மாங் கோவம் இருந்தாலும் அது மட்டும் அவரால ஆவாது. அந்த மனுசன எனக்குத் தெரியும்."

அவர் மண்வெட்டியை எடுத்துக் கட்டிகளைக் கொத்த ஆரம்பித்தார். நான் நின்று பார்த்தேன். ஒருமுறை தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடையை எடுத்தேன்.

ஈர மண் உதிராது. கையால் பிய்த்துப் பிய்த்துப் போட்டோம். அவர் தொழு உரத்தைக் கொண்டுவந்து கொட்டினார். நான் காலால் மிதித்துக் கலந்தேன். பிள்ளைகள் கட்டி உடைத்தார்கள். சுவர் நின்ற கோட்டுக்கு இரண்டு பக்கமும், அண்ணன் நிலம் தம்பி நிலம் என்று பார்க்காமல், குறுக்கே குறுக்கே பாத்திகள் போட்டோம். சாயங்காலம் கூண்டின் கண்ணாடிகளை எல்லாம் வார் பிடித்து இறக்கிவிட்டேன். நாற்றுக்கு வெளிக்காற்று பழக வேண்டும். அடுத்த நாள் பொழுது சாயும் நேரத்தில் நட்டோம். கத்திரி, மிளகாய், மீந்த இடத்தில் தக்காளி. நட்டு முடித்துக் கிணற்றடியில் கை கழுவியபோது அக்காவின் கையெல்லாம் கொப்புளம். என் கையும் அப்படித்தான்.

மேஸ்திரி வந்தார்

நட்டு ஒரு வாரம் கழித்து முதலில் வந்தவர் என்னவர். உடம்பெல்லாம் சேறு, கண்ணெல்லாம் சிவப்பு. குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகுதான் கொல்லைப் பக்கம் போனார். நான் அடுப்படி வாசலில் நின்றேன்.

"செவுரு?"

"விழுந்துடுச்சிங்க."

"மண்ணு எங்க?"

நான் பாத்திகளைக் காட்டினேன். அவர் என்னருகே வந்தார். என் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். காய்ந்த கொப்புளங்களைப் பார்த்தார். கோபம் வந்தது. ஆனால் அது எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது.

"மேஸ்திரியக் கூட்டிக்கினு வர்றேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

மேஸ்திரி வந்து இடத்தைச் சுற்றிப் பார்த்தார். "செவுத்துக்கு மண்ணு வேணுமேங்க. ஏரியில ஆள் முழுவற தண்ணி. பங்குனி வரட்டுங்க" என்றார். அக்கா தன் வீட்டுக் கதவருகே தலையைக் குனிந்துகொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பேன்.

"அதுவரைக்கும் ஒரு ஓலைப் படலாவது கட்டிடலாமா?" என்று கேட்டார் மேஸ்திரி.

படல் கட்டக் கழி ஊன்ற வேண்டும். கழி ஊன்றினால் பாத்திகளின் நடுவில்தான் ஊன்ற வேண்டும். என்னவர் பாத்திகளைப் பார்த்தார். வேர் பிடித்து, குருத்து விட்டு நின்றிருந்தன. அவர் கையால் செய்த கூண்டில் முளைத்தவை.

"பாக்கலாம்" என்று சொல்லி மேஸ்திரியை அனுப்பிவிட்டார்.

கோணல் பாத்தி

மூத்தார் உடனே வரவில்லை. கெடாரில் நெல் பாதிக்கு மேல் தண்ணீரில் படுத்துவிட்டது. கிடைத்ததை அறுத்துக் கரை சேர்த்துவிட்டு அவர் வந்தபோது மார்கழி பிறந்திருந்தது. மழை ஓய்ந்து, காலையில் பனியும் பகலில் வெயிலுமாக மண் மேலே வெளுக்க ஆரம்பித்திருந்தது.

வண்டியை அவிழ்த்துவிட்டு மாட்டைக் கொட்டகையில் கட்ட வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அன்று என்னவருக்கு வேலை இல்லாத நாள். கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கண்ணாடிக்குப் புது வார் தைத்துக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்ததும் எழுந்தார். வார் கையிலேயே இருந்தது. நடுவில் சுவர் இல்லாமல் அவர்கள் இருவரும் எதிரெதிரே நின்றது, சுவர் எழும்பிய நாளுக்குப் பிறகு அன்றுதான்.

அக்கா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். அத்தனை நாள் எனக்குத் தைரியம் சொன்னவர், எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

மூத்தார் பாத்தியருகே வந்தார். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்தார். அவருக்குத் தெரியாதா அது என்ன மண் என்று! பிறகு ஒரு கத்திரிச் செடியின் தண்டை இரண்டு விரலால் மெதுவாக அசைத்தார். கெடாரில் போனதை எல்லாம் பார்த்துவிட்டு வந்த கண். அந்தப் பச்சையை அவர் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியவில்லை.

"யாரு போட்டது இந்தப் பாத்தி?" அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நாங்கதாங்க."

"இன்னா கோணல் இது? ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். வேரு வெளிய தெரியுது, ஒருத்தருக்கும் கண்ணு இல்ல? இப்புடி வுட்டா வெயில்ல பொசுங்கிடாது?"

மூத்தார் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். செடிகள் போயின என்று இருவரும் நினைத்தோம். அவர் வெட்டியது செடியை அல்ல. பாத்தியின் ஓரத்திலிருந்து மண்ணை இழுத்து, செடியின் அடியில் அணைத்து, மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டினார். அடுத்த செடி. அதற்கடுத்தது. சுவர் இருந்த கோட்டைத் தாண்டி எங்கள் பக்கத்துக்கும் வந்துவிட்டார். அவருக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை.

மண் அணைத்தால் உடனே தண்ணீர் விட வேண்டும். பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நான் குடத்தை எடுக்கப் போனேன். என்னவர் கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

அவர் நடந்தார். பாத்திகளைச் சுற்றிக்கொண்டு, ஒரு சொட்டு வரக்கூடாது என்று சொன்ன அந்தக் கிணற்றடிக்குப் போனார். கயிற்றைப் பிடித்து வாளியை இறக்கினார். கப்பி கிறீச்சிட்டது. முதல் வாளித் தண்ணீர் கல்லில் விழுந்து வாய்க்காலில் ஓடியது. மூத்தார் நிமிர்ந்து பார்க்கவில்லை. மண்வெட்டியால் மடையை வெட்டி முதல் பாத்திக்குத் திருப்பினார். அது நிரம்பியதும் அடைத்தார். அடுத்ததை வெட்டினார். இவர் இறைக்க, அவர் பாய்ச்ச, ஒரு பாத்தி, இன்னொரு பாத்தி என்று போய்க்கொண்டே இருந்தது. கப்பிச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும்தான்.

வெயில் ஏறியது. இருவர் முதுகிலும் வியர்வை. கடைசிப் பாத்தி ததும்பியது. என்னவர் அது தெரியாமல் இன்னொரு வாளியை இறக்கிக்கொண்டிருந்தார்.

"போதும்டா துரை" என்றார் மூத்தார்.

கயிறு அப்படியே நின்றது. என்னவர் வாளியை மேலே இழுத்துக் கல்லில் வைத்தார்.

"சரிண்ணா."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஜல்தி வாடி, ரெண்டு பேருக்கும் பசிக்கும்" என்று என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். பரண் மேலிருந்து, ஒரே அடுப்பாக இருந்த காலத்துப் பெரிய பானையை இறக்கினோம். அதில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. தேய்த்துக் கழுவி அடுப்பில் ஏற்றி, அவர் வீட்டுக் கேப்பை மாவையும் என் வீட்டுக் கேப்பை மாவையும் அதில் கொட்டினோம். அவ்வளவு களியை ஒரு ஆளால் கிளற முடியவில்லை. துடுப்பை நாங்கள் இரண்டு பேருமாகத்தான் பிடித்தோம்.